லித்தியம் மின்கலம்: வீட்டில் சார்ஜ் செய்வோர் அறிய வேண்டியவை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல சமணர் வளர்த்த தமிழைப் பற்றியோ வந்தவாசிப் பக்கத்துக் கல்வெட்டுகளைப் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இந்த ஆண்டு மின்கலத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சற்றே யோசித்தார்கள். இலக்கியக் கட்டுரைகளுக்கு நடுவே பேட்டரி எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் கைபேசி, மடிக்கணினி, பவர் பேங்க், டார்ச் விளக்கு, பேரக்குழந்தையின் பொம்மைக் கார் என்று நம் வீடுகளில் லித்தியம் மின்கலம் இல்லாத அறையே இப்போது கிடையாது. அதோடு, நம் பிள்ளைகளில் கைத்தொழில் ஆர்வம் உள்ளவர்கள் பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்து, உள்ளே இருக்கும் கலங்களை எடுத்துத் தாங்களே பவர் பேங்க் செய்கிறார்கள். ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது கைத் தழும்பே சாட்சி.

கல்கத்தா எஸ்ரா ஸ்ட்ரீட்டில் மின்சாதன வியாபாரம் செய்பவன் நான். படித்தது பள்ளி இறுதி வகுப்பு வரைதான். மற்றதெல்லாம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் புத்தகம் வாசித்தும், பழுது பார்ப்பவர்களிடம் கேட்டும், சில சமயம் கையைச் சுட்டுக்கொண்டும் கற்றது. சென்ற மழைக்காலத்தில் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன், சாந்தினி சௌக்கில் வாங்கிய பழைய கலங்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து, "மாமா, இதுல மூணு மூணா சேர்த்தா பன்னெண்டு வோல்ட் ஆயிடும். நம்ம இன்வர்ட்டர் பேட்டரி சார்ஜர்லயே போட்டுடலாம் இல்ல?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைப் பிற்பகலில் நான் செய்ததும் அதே காரியந்தான். மூன்று பழைய லித்தியம் கலங்களை வரிசையாகச் சேர்த்தேன். ஒவ்வொன்றும் 3.7 வோல்ட் என்றால் மூன்றும் சேர்ந்து 11.1. 'பன்னிரண்டு வோல்ட் மாதிரிதானே' என்று நினைத்து, ஈயப் பேட்டரிக்கான 12 வோல்ட் சார்ஜரில் மாட்டினேன். வராந்தா அலமாரியில் பழைய அட்டைப்பெட்டியின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். பட்டாசுத் திரி சீறுவதுபோல ஒரு சத்தம். எதிர்வீட்டு அம்மாள் "ஆகுன்! ஆகுன்!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கலம் தீப்பிழம்பைக் கக்கிக்கொண்டிருக்கிறது, அட்டைப்பெட்டி எரிகிறது, திரைச்சீலையில் தீ ஏறிவிட்டது. அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்கி வெளியே கொடுத்துவிட்டு, மெயினை அணைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். எனக்குக் கையில் காயம், வீட்டுக்கு ஒரு திரைச்சீலையும் அலமாரியும் நஷ்டம். அவ்வளவோடு போனது எங்கள் நல்வினை.

சார்ஜரில் பழுது ஏதும் இல்லை. பிழை என்னுடையது. ஈயப் பேட்டரியிடம் பழகிய பழக்கத்தை லித்தியத்திடம் காட்டினேன்.

ஈயம் பொறுக்கும், லித்தியம் பொறுக்காது

கல்கத்தாக்காரர்களுக்குப் பேட்டரி புதிய சங்கதி அல்ல. 1970களிலும் 80களிலும் இங்கே இருந்தவர்கள் 'லோட்-ஷெடிங்' என்ற சொல்லை மறக்க முடியாது. மாலையில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில்தான் வீட்டுக்கு வீடு இன்வர்ட்டரும் ஈய-அமிலப் பேட்டரியும் நுழைந்தன. அந்தப் பேட்டரியை நாம் எப்படி நடத்தினோம்? சார்ஜரில் மாட்டிவிட்டு மறந்துவிடுவோம். நாள்கணக்கில் அப்படியே இருக்கும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவோம். அவ்வளவுதான்.

ஈயப் பேட்டரி நிறைந்த பிறகும் மின்சாரம் உள்ளே வந்துகொண்டிருந்தால், அது உள்ளிருக்கும் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து வெளியே விடும். அதாவது, மிகுதியை வெளியேற்ற அதனிடம் ஒரு வழி இருக்கிறது. நாம் ஊற்றுகிற தண்ணீர் அப்படிப் போன தண்ணீருக்கு ஈடு. லித்தியம் கலத்துக்குள் தண்ணீரே கிடையாது. மிகுதியை வெளியே தள்ள வழியும் கிடையாது. மூடி முத்திரையிட்ட உலோகக் குப்பி அது. உள்ளே போன மிகுதி கலத்தின் கட்டமைப்பைத்தான் தாக்கும்.

என் கணக்கை இப்போது பாருங்கள். 12 வோல்ட் ஈயப் பேட்டரி முழுதாக நிறைய சார்ஜர் சுமார் 14.4 வோல்ட் வரை போகும். அதை மூன்று லித்தியம் கலங்கள் பங்கிட்டால் ஒன்றுக்கு 4.8 வோல்ட். அந்தக் கலம் தாங்கக்கூடிய எல்லையோ 4.2 வோல்ட். மூன்று கலத்துக்கு 12.6தான். பெயரில் இரண்டும் '12 வோல்ட்'. உள்ளே இரண்டும் வேறு வேறு சாதி.

உள்ளே என்ன இருக்கிறது?

பேட்டரி என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், ஒற்றையாக இருப்பது மின்கலம், பல கலங்கள் சேர்ந்தது மின்கல அடுக்கு. லித்தியம் அயனி மின்கலத்தில் ஒரு பக்கம் கிராஃபைட் பூசிய செம்புத் தகடு, மறுபக்கம் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடு. இரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள். மூன்றையும் பாய்போலச் சுருட்டி, எளிதில் தீப்பற்றும் ஒரு கரிமத் திரவத்தில் நனைத்துக் குப்பிக்குள் அடைத்திருப்பார்கள். சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு வீட்டிலிருந்து கிளம்பி, தாளின் துளை வழியே போய், கிராஃபைட் அடுக்குகளுக்குள் குடியேறும். நாம் பயன்படுத்தும்போது திரும்பி வரும்.

இதை உருவாக்கியதற்காக 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் கிடைத்தது. ஜப்பானின் சோனி நிறுவனம் 1991இல் இதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பரிசு பெறும்போது குட்எனஃபுக்கு வயது 97. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையிலும் பின்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்து, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதே ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்டவர். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததையும், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் அது திறக்கப்பட்டதையும் இங்கே நினைவுகூர வேண்டும். பிழைக்கப் போன இடங்களில் பிறக்கும் நம் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டும்.

இப்போது 4.2 வோல்ட் என்ற எல்லைக்கு வருவோம். கோபால்ட் ஆக்சைடு வகைக் கலத்தில், 4.2 வோல்ட் வரும்போது ஆக்சைடில் உள்ள லித்தியத்தில் ஏறத்தாழ பாதிதான் வெளியேறியிருக்கும். 'இன்னும் பாதி இருக்கிறதே, அதையும் எடுத்தால் என்ன?' என்று தோன்றும். எடுக்கக் கூடாது. மீதமுள்ள பாதிதான் அந்தக் கட்டடத்தைத் தாங்கும் தூண். அதையும் உருவினால் ஆக்சைடு நிலைகுலைந்து, சூட்டில் ஆக்சிஜனை வெளிவிடும். அந்தப் பக்கம் கிராஃபைட்டிலும் இடம் இல்லாமல், வந்த லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். அந்தப் படிவு ஊசிபோல வளர்ந்து நடுத்தாளைக் குத்தினால், குப்பிக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட்.

பிறகு நடப்பது சங்கிலித் தொடர். சுமார் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி கிராஃபைட்டின் மேல் உள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்கும், அதுவே சூட்டை உண்டாக்கும். 130 டிகிரி அளவில் நடுத்தாள் உருகும். 200 டிகிரியை நெருங்கும்போது ஆக்சைடு ஆக்சிஜனைக் கொடுக்கும். எரிபொருளும் உள்ளே, ஆக்சிஜனும் உள்ளே, சூடும் உள்ளே. பிளக்கைப் பிடுங்கினாலும் அப்போது நிற்காது. பக்கத்துக் கலத்தையும் சுட்டு, அதையும் கிளப்பிவிடும். ஒரு கலத்தில் சேமித்த மின்சாரம் மட்டுமே 100 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதோடு திரவம் எரியும் வெப்பமும் சேரும். வெளிவரும் புகை நஞ்சு.

நடந்தவை

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். 2022 மார்ச் மாதக் கடைசியில், வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சடைத்துத் தந்தையும் பள்ளிப் பருவத்து மகளும் இறந்தார்கள். அடுத்த மாதமே தெலங்கானாவின் நிஜாமாபாத்தில், ஸ்கூட்டரிலிருந்து கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் போட்ட பேட்டரி வெடித்து முதியவர் ஒருவர் இறந்தார். சில நாளில் விஜயவாடாவில் படுக்கையறையில் சார்ஜில் இருந்த பேட்டரி வெடித்து இன்னொரு உயிர் போனது. அதே செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கூடத்தில் பற்றிய தீ, மேலே இருந்த தங்கும் விடுதிக்குள் புகையாக ஏறி எட்டுப் பேரைக் கொன்றது. இதன்பிறகு மத்திய அரசு வாகன பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

மூன்று வீடுகளில் நடந்ததையும் கூர்ந்து பாருங்கள். வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருக்கிறார்கள், ஆட்கள் அருகிலோ அதே வீட்டிலோ உறங்கியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் செய்து வந்த பொருளுக்கே இந்தக் கதி என்றால், நாமே கையால் கட்டிய பொருளுக்கு எத்தனை மடங்கு கவனம் வேண்டும்!

நம் ஊரில் தீ என்றால் அது தனி வீட்டோடு போவதில்லை. 2008இல் நந்தராம் மார்க்கெட்டும், 2018இல் என் கடைக்கு அருகே கேனிங் ஸ்ட்ரீட்டில் பாக்ரி மார்க்கெட்டும் நாள்கணக்கில் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். அவை பேட்டரியால் வந்த தீ அல்ல. ஆனாலும் குறுகிய சந்தும், தொங்கும் ஒயரும், மாடிப்படியெல்லாம் அடுக்கிய சரக்கும் உள்ள இடத்தில் ஒரு சிறு தீ எப்படி வளரும் என்பதைக் கண்ணால் கண்டோம்.

சரியான சார்ஜ் எப்படி நடக்கிறது?

மாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது குழாயை நன்றாகத் திறந்துவிடலாம். விளிம்பை நெருங்கும்போது குழாயைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். விளிம்பைத் தொட்டதும் நிறுத்தியே ஆக வேண்டும். லித்தியம் சார்ஜரும் இதையே செய்கிறது.

முதல் கட்டத்தில் மின்னோட்டம் ஒரே அளவாகப் போகும். கலத்தின் கொள்ளளவில் பாதி என்பது பாதுகாப்பான கணக்கு. 2000 மில்லி ஆம்பியர்-மணி கலத்துக்கு 1 ஆம்பியர். மின்னழுத்தம் மெல்ல ஏறி 4.2ஐத் தொடும். இரண்டாம் கட்டத்தில் மின்னழுத்தம் 4.2இலேயே நிற்கும், மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது நம் கணக்கில் 200 மில்லி ஆம்பியருக்கு வந்ததும் சார்ஜர் முற்றிலும் நிற்க வேண்டும். ஈயப் பேட்டரிபோல் 'கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கட்டும்' என்று விடக் கூடாது. 4.2 என்பதில் மேலே கீழே 0.05 வோல்ட்டுக்கு மேல் பிசகக் கூடாது.

எல்லா லித்தியமும் 4.2 அல்ல என்பதும் முக்கியம். இரும்பு பாஸ்பேட் வகைக் கலத்துக்கு எல்லை 3.65 வோல்ட்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். உறையில் 3.2 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அது பாஸ்பேட், 3.6 அல்லது 3.7 என்றிருந்தால் 4.2 எல்லை கொண்டது. ஒன்றின் சார்ஜரில் மற்றதைப் போடக் கூடாது. எழுத்தே இல்லாத கலத்தைத் தொடவே வேண்டாம்.

கலத்தைத் தேர்ந்தெடுத்தல்

நாம் சந்தையில் '18650' என்று கேட்டு வாங்கும் கலம் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. இந்த அளவில் நல்ல கலத்தின் கொள்ளளவு அதிகபட்சம் 3500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டித்தான் இருக்கும். '9900' என்று பளபளக்கும் உறையில் போட்டிருந்தால் அது பொய். வியாபாரிக்குத் தராசுதான் குரு. நல்ல கலம் 45 கிராம் சுமாருக்கு நிற்கும். 30 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே பாதி காலி என்று அர்த்தம்.

பழைய கலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை, மல்டிமீட்டரால் அளப்பது. 2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் ஆசைப்படாமல் ஒதுக்கிவிடுங்கள். அந்த அளவுக்கு வற்றிய கலத்தில் செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் செய்யும்போது உள்ளேயே படிந்து ஷார்ட் ஆகக்கூடும். நசுங்கியது, உப்பியது, துருப்பிடித்தது, இனிப்பு வாடை அடிப்பது எதுவும் வேண்டாம். நல்லதாகத் தெரிவதை ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்து, தேதி எழுதி ஒட்டி, இரண்டு மூன்று வாரம் சும்மா வையுங்கள். பிறகு அளந்தால் 4.1 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். 4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. சார்ஜ் ஆகும்போது மற்றவற்றைவிடச் சூடாகும் கலத்தையும் தள்ளிவிட வேண்டும்.

கலத்தின் வெளிக்குப்பி முழுவதும் எதிர்முனை. நேர்முனையின் குமிழுக்கும் குப்பியின் விளிம்புக்கும் நடுவே ஒரு சின்ன அட்டை வளையந்தான் தடுப்பு. உறை கிழிந்திருந்தாலோ வளையம் இல்லாவிட்டாலோ புதிய உறையும் வளையமும் போடாமல் பயன்படுத்தக் கூடாது. சட்டைப்பையில் சாவியோடும் சில்லறையோடும் போட்டுக்கொண்டு டிராமில் ஏறாதீர்கள்!

வீட்டுச் சார்ஜர் அமைப்பு

ஒற்றைக் கலத்துக்கு, சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் 'டி.பி. 4056' என்ற சிறு பலகை போதும். நான் மேலே சொன்ன இரண்டு கட்டங்களையும் அது தானே செய்து, தானே நிறுத்தும். 5 வோல்ட் கைபேசி சார்ஜரிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுக்கலாம். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஒன்று, இந்தப் பலகை இரண்டு விதமாக வருகிறது. வெறும் சார்ஜர் மட்டும் உள்ளது ஒன்று, கூடவே பாதுகாப்புச் சில்லுகள் உள்ளது மற்றொன்று. இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள். மின்னழுத்தம் எல்லை தாண்டினாலும், கலம் அளவுக்கு மேல் வற்றினாலும், ஷார்ட் ஆனாலும் அது துண்டித்துவிடும்.

இரண்டு, இது 1 ஆம்பியர் கொடுக்குமாறு 1.2 கிலோ ஓம் மின்தடையோடு வரும். சிறிய கலத்துக்கு அது அதிகம். அந்த மின்தடையை 2 கிலோ ஓமாக மாற்றினால் சுமார் 580 மில்லி ஆம்பியராகக் குறையும்.

மூன்று, முனைகளை மாற்றிக் கொடுத்தால் பலகை அப்போதே போய்விடும். சிவப்பு ஒயர் நேர்முனை என்று ஒரே பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு, சார்ஜ் ஆகும்போதே அதிலிருந்து விளக்கோ விசிறியோ ஓட்டாதீர்கள். மின்னோட்டம் குறைவதைப் பார்த்துத்தான் பலகை நிறுத்துகிறது. நீங்கள் ஒரு பக்கம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால், கலம் நிறைந்தது அதற்குத் தெரியாமல் போகும்.

ஐந்து, மலிவுச் சரக்கை நம்பி விட்டுவிடாமல், 'நிறைந்தது' என்று விளக்கு மாறியதும் கலத்தை அளந்து பாருங்கள். 4.25 காட்டினால் அந்தப் பலகையைக் குப்பையில் போடுங்கள். பத்துப் பதினைந்து பலகை வாங்கினால் ஒன்றிரண்டு அப்படி வரத்தான் செய்யும்.

கலத்தின் மேல் நேரடியாகப் பற்றவைப்புக் கோலை வைத்து ஈயம் பற்றவைக்கக் கூடாது. அந்தச் சூடு உள்ளே இருக்கும் தாளைக் கெடுக்கும். பிளாஸ்டிக் தாங்கியில் கலத்தைச் செருகுவது ஆரம்பநிலைக்கு உத்தமம். நிலையாக இணைக்க வேண்டுமென்றால் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள்.

பல கலங்களைப் பக்கவாட்டில் இணைப்பதானால், எல்லாவற்றையும் முதலில் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே இணைக்க வேண்டும். நிறைந்ததையும் வற்றியதையும் இணைத்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் கட்டுப்பாடில்லாமல் பாயும். வரிசையாக இணைப்பதானால், ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கண்காணித்துச் சமன் செய்யும் 'பி.எம்.எஸ்.' பலகை கட்டாயம். மொத்தம் 12.6 வோல்ட் சரியாக இருந்தாலும், உள்ளே ஒன்று 4.4இலும் இன்னொன்று 4.0இலும் இருக்கலாம். மொத்தக் கூட்டுத்தொகை நம்மை ஏமாற்றும், கூட்டுக் குடும்பக் கணக்குபோல. அப்போதும் சார்ஜர் 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜராகவே இருக்க வேண்டும். பி.எம்.எஸ். இருக்கிறதே என்று ஈயப் பேட்டரி சார்ஜரை மாட்டக் கூடாது. அது கடைசிக் காவல்காரன்தான், அன்றாட வேலைக்காரன் அல்ல.

இடமும் நேரமும்

தரையிலோ மண் ஓட்டின் மேலோ பீங்கான் தட்டிலோ வைத்து சார்ஜ் செய்யுங்கள். மெத்தை, சோபா, புத்தக அலமாரி, அட்டைப்பெட்டி ஆகாது. வீட்டு வாசலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே வைக்கக் கூடாது, ஏனென்றால் தீப்பிடித்தால் வெளியே ஓடும் வழி அதுதான். கல்கத்தாவின் பழைய கட்டடங்களில் எல்லாரும் மாடிப்படிக்குக் கீழேதான் வண்டியைச் சார்ஜ் போடுகிறார்கள். மிகத் தவறு.

0 டிகிரி முதல் 45 டிகிரி வரைதான் சார்ஜ் செய்ய ஏற்ற வெப்பநிலை. மே மாதத்தில் தகரக் கூரையின் கீழோ, மேற்கு வெயில் அடிக்கும் வராந்தாவிலோ அந்த எல்லை தாண்டிவிடும். வெயிலில் நின்ற வண்டியையும் சற்று ஆறவிட்டு சார்ஜ் போடுங்கள். சார்ஜ் ஆகும்போது கலம் இளஞ்சூடாக இருக்கலாம். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே துண்டிக்க வேண்டும்.

கையால் செய்த எதையும் இரவில், உறங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். வீட்டில் ஆள் இல்லாதபோதும் போடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

தீப்பற்றினால்

'லித்தியத்தில் தண்ணீர் பட்டால் எரியும்' என்று பள்ளியில் படித்திருப்போம். அது உலோக லித்தியம். நம் கலத்தில் இருப்பது பெரும்பாலும் அயனி வடிவம். இங்கே தண்ணீர்தான் மருந்து, ஏனென்றால் சூட்டைத் தணித்தால்தான் சங்கிலி அறுபடும். மெயினை அணைத்துவிட்டு, ஒரு சிறு கலமாக இருந்தால் தூர நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அணைந்தது மறுபடி பற்றும், ஆகவே தொடர்ந்து ஊற்ற வேண்டும். ஸ்கூட்டர் பேட்டரி போன்ற பெரியது என்றால் வீரம் காட்டாமல், கதவைச் சாத்திவிட்டு எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, 101 அல்லது 112க்குச் சொல்லுங்கள். புகையைச் சுவாசிக்கக் கூடாது. வேலூரில் உயிர்களைக் கொண்டுபோனது புகைதான்.

கெட்டுப்போன கலங்களைக் காபாடிவாலாவிடம் எடைக்குப் போடாதீர்கள். அவர் அதைச் சுத்தியலால் உடைப்பார். நம் நஷ்டத்தை ஓர் ஏழையின் தலையில் கட்டுவது தர்மம் அல்ல. இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர்களின் கடமை.

ஊருக்கு விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணியை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி. ஆனால் வீட்டில் செய்த, அளவு அச்சிடாத பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் அனுமதிக்க மாட்டார்கள். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நிறைவாக

எங்கள் நயினார் குடும்பங்களில் இல்லறத்தாருக்குச் சொல்லும் ஐந்து நோன்புகளில் ஒன்று 'பொருள் வரைதல்'. வைத்திருப்பதற்கு ஓர் எல்லைக் கோட்டை முன்கூட்டியே கிழித்துக்கொண்டு, அதைத் தொட்டதும் நிறுத்திக்கொள்வது அது. சின்ன வயதில் என் பாட்டனார் இதைச் சொன்னபோது, வியாபாரிக்கு இது ஆகுமா என்று மனத்துக்குள் சிரித்திருக்கிறேன். அன்று வராந்தாவில் தீயை அணைத்துவிட்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அது புரிந்தது. 4.2 வரை அந்தக் கலம் நல்ல வேலைக்காரன். அதற்குமேல் திணித்தது நான். முழுவதும் நிறைக்காமல் 4.1 வோல்ட்டிலேயே நிறுத்தினால் கலத்தின் ஆயுள் கூடும் என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் உண்மை. கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்பவன் நீண்டநாள் இருப்பான்.

அந்த லேக் மார்க்கெட் பையன் என் பேச்சைக் கேட்டான். பையிலிருந்த பதினெட்டுக் கலங்களைக் கடைத் தராசில் நிறுத்து, அளந்து பார்த்ததில் ஏழு ஒதுங்கிவிட்டன. மீதியில் ஒன்றே ஒன்றை வைத்து, பாதுகாப்புள்ள பலகையோடு ஒரு சிறு விளக்கு செய்தான். மின்சாரம் போனால் அவன் பாட்டி அதை ஏற்றிவைத்துக்கொண்டு ஜபம் செய்கிறாராம். "பகல்ல, நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டேதான் சார்ஜ் போடறேன், மாமா" என்றான். எனக்கு அது போதும்.